ஐந்து கிலோத் தூள்

அக்கா ஓர் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பந்தடிக்க மாலைதீவுக்குப் போகிறாள் என்பதை வீட்டில் முதலில் நம்பாதவள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் அச்சுவேலிப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் கலியாணம் கட்டத்தான் விமானம் ஏறுவார்கள். கோல் போடுவதற்கென்று ஏறிய ஒருத்தியையும் நான் அறியேன்.

மாமாவுக்கு வேறு சந்தேகம். “விளையாடவெண்டு வெளிக்கிட்டவை எத்தினை பேர் திரும்பி வந்தவை?” என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்தார். அப்பா இரண்டு நாள் யோசித்து மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதன்பிறகு அக்கா பந்தை மறந்துவிட்டுக் கனடா மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அக்கா உடனே தலையாட்டினாள். மைதானத்தில் நான்கு பேர் மறித்தாலும் நிற்காதவள் இவ்வளவு சுலபமாக மடங்கியது எனக்குப் பிடிக்கவில்லை.

சந்தேகம் உறுதியானது அரைக்கிற மில்லில். வெளிநாடு போகிறவருக்கு மிளகாய்த்தூள் கட்டிக் கொடுக்காத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. எத்தனை காலத்துக்குப் போகிறார் என்பதை விசாவைவிடத் தூள் சரியாகச் சொல்லும். ஓர் ஆளுக்கு மாதம் கால் கிலோ என்பது அம்மாவின் அளவு. மூன்று மாதத்துக்கு முக்கால் கிலோ போதும். அம்மா வறுத்து அரைப்பித்ததோ ஐந்து கிலோ. விரல்விட்டு எண்ணினேன். இருபது மாதம் வந்தது.

அப்பாவிடம் சொன்னால் பயணம் நின்றுவிடும், அக்கா அழுவாள். சொல்லாவிட்டால் அவள் வரமாட்டாள். அவளுடைய பந்தடிக்கிற சப்பாத்தைத் துடைத்து வைக்கும் உரிமை எனக்கு மட்டுமே இருந்தது. அவள் இல்லாத வீட்டை நினைக்கவே பயமாயிருந்தது. ஒருவருக்கும் தெரியாமல் அவள் பெட்டியிலிருந்து ஒரு கிலோப் பொதிகள் நான்கை உருவி அரிசி வாளிக்குள் புதைத்தேன். தூள் முடிந்தால் ஆள் வீட்டுக்கு வரத்தானே வேண்டும்.

அக்கா போன மூன்றாம் நாள் அம்மா அரிசி அளக்கிற சுண்டைக் கையில் பிடித்தபடி வாளிக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முற்றத்தில் நின்ற அப்பாவையும் பார்த்துவிட்டு, பொதிகளின் மேல் அரிசியை மூடிவிட்டாள். அடி விழாதது எனக்குப் பெரிய அதிசயமாயிருந்தது.

மூன்றாம் மாதம் முடிய அக்கா தொலைபேசி எடுத்தாள். அவளுடைய கோல்களைப் பார்த்த கழகம் அடுத்த பருவத்துக்கும் நிற்கச் சொல்கிறதாம், அவளும் ஓமென்று கையெழுத்து வைத்துவிட்டாளாம். அப்பா போனைத் தொடவில்லை. அம்மா வாங்கி, அயலட்டைக்கெல்லாம் கேட்க ஏசினாள். “கொப்பற்றை மானத்தை வாங்கிப்போட்டாய்” என்றாள். பிறகு குசினிக்குள் போய்க் குரலைத் தாழ்த்தி, “தூள் முடிஞ்சுதே பிள்ளை?” என்று கேட்டாள்.

அடுத்த கிழமை மாலைதீவுக்குப் போகிற ஒருவர் வீட்டில் கொடுக்கச் சொல்லி அந்த நான்கு பொதிகளையும் அம்மா என்னிடமே தந்தாள். “அப்பாட்டைச் சொல்லாதை” என்றாள். அக்கா என்னை ஏமாற்றிவிட்டாள் என்று வழியெல்லாம் அழுதுகொண்டு போனேன். அந்த ஐந்து கிலோவையும் வறுத்தவளைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவேயில்லை.