சந்தனம் காய்ந்த பேனா

அந்த நீலப் பேனாவின் மூடியில் சந்தனப் பொட்டு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. துடைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

எழுபதுகளில் நாங்கள் துபாயில் இருந்தபோது, ஆங்கிலத் திருச்சபைக்காரர்கள் தங்கள் தேவாலயக் கூடத்திலேயே ஒரு பள்ளி நடத்தினார்கள். வெள்ளிக்கிழமை அங்கே ஆராதனை. அதனால் வியாழன் மதியம் பெஞ்சுகளை எல்லாம் பீடத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். இருந்ததோ சின்ன வகுப்புகள் மட்டும். அதற்கு மேல் படிக்க மெட்ராஸ் ஹாஸ்டல்தான் கதி. எனக்கான பெட்டியைக்கூட அம்மா அலமாரி மேலிருந்து இறக்கி வைத்துவிட்டாள். அப்போதுதான், தை பிறந்ததும் உயர்நிலை வகுப்பு தொடங்கப்போவதாகச் சொன்னார்கள். நுழைவுத் தேர்வில் தேறினால் நான் வீட்டிலேயே இருக்கலாம்.

அந்தத் தேர்வு சரஸ்வதி பூஜையன்றா வந்து தொலைய வேண்டும்! பள்ளி கொடுத்த தேதியை யாரும் ஊர்க் காலண்டரோடு ஒத்துப் பார்க்கவில்லை. முதல் நாளே என் புத்தகம், பேனா எல்லாம் சாமி முன்னால் ஏறிவிட்டன. அன்று படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது.

"பரீட்சைடி இன்னிக்கு! பேனாவை எடுத்துக் குடு" என்று அப்பா கத்தினார்.

"சரஸ்வதிகிட்ட வெச்சதை எப்படிங்க எடுக்கறது? நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம்தான்" என்ற அம்மா, அடுப்படிக்குள் போய் அழுதாள். நான் ஹாஸ்டலுக்குப் போனால் துடிக்கப்போவதும் அவள்தானே!

"காய்ச்சல்னு சொல்லிடலாம்" என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடியே அப்பா என்னைத் தலைமை ஆசிரியையிடம் கூட்டிப்போனார். பெரிய மிஸ் என்போம் அவரை. அப்பா காய்ச்சல் என்றதும் அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நெற்றி ஜில்லென்று இருந்தது. அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. உண்மையை அப்படியே உளறிக் கொட்டினார்.

மிஸ் சிரிக்கவில்லை. "இயேசு சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளியன்று என் அம்மா ஊசியைத் தொட விடமாட்டார். கிழிந்த கவுனோடு தேவாலயத்துக்குப் போயிருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, "நாளைக்கு எழுதட்டும். நானே பக்கத்தில் உட்காருகிறேன்" என்றார். அப்பாடா! அப்பா அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விஜயதசமி. பொட்டு வைத்த இந்தப் பேனாவால்தான் எழுதினேன், தேறினேன். "பாத்தீங்களா, படிப்பைத் தொடங்க இதைவிட நல்ல நாள் உண்டா?" என்று அம்மா ஏதோ தானே தேதி குறித்ததுபோலப் பெருமையடித்துக்கொண்டாள். பெட்டியை மறுபடி மேலே ஏற்றச் சொன்னதும் அவள்தான்.

இப்போது அந்தப் பள்ளி வேறு இடத்தில், மாடி மேல் மாடியாக நிற்கிறது. பெஞ்சுகளைத் திருப்பும் வேலை யாருக்கும் இல்லை. நான் மட்டும் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் இந்தப் பேனாவைச் சாமி முன்னால் வைத்து, பக்கத்தில் ஓர் ஊசியையும் வைக்கிறேன்.

"பட்டன்கூடத் தைக்கத் தெரியாது, உனக்கு எதுக்கும்மா ஊசி?" என்பாள் என் மகள்.

"எனக்கில்லடி, பெரிய மிஸ்ஸோட அம்மாவுக்கு."