என்ன சாப்பிட்ட?

துறைமுகத்தில் ஓடும் லாரிகளில் பாதி எனக்குச் சொந்தம் என்று சொன்னால் நம்புவார்கள். அப்படி வளர்ந்தவன் நான். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தேன். திறப்பு விழாவில் என் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தபோது, வெயிலில் நின்ற ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள்.

பிள்ளைகளின் உடம்பைப் பார்க்க அங்கே வரும் நர்ஸம்மா ஓடிவந்தார். ஒல்லியான உருவம், நரைத்த கொண்டை. எந்தப் பிள்ளையோடும் குனிந்து, முகத்துக்கு நேராக முகம் வைத்துத்தான் பேசுவாராம்.

"ஏளா, காலைல என்ன சாப்பிட்ட?"

கண் திறந்த சிறுமி, "சாப்பிட்டாச்சு சிஸ்டர்" என்றாள்.

"சாப்பிட்டியான்னு நான் கேக்கலியே. என்ன சாப்பிட்டன்னுல்லா கேட்டேன்."

சிறுமி அழுதுவிட்டாள். நர்ஸம்மா அவளை மடியில் சாய்த்து, தன் டப்பாவிலிருந்த இட்லியைப் பிட்டு ஊட்டினார்.

"சாப்பிட்டியான்னு கேட்டா, வீட்டு மானத்துக்குப் பயந்து எல்லாப் பிள்ளையும் ஆமான்னுதான் சொல்லும், அண்ணாச்சி."

"நானும் பட்டினியோட பள்ளிக்கூடம் போனவந்தான். என்ன கெட்டுப்போச்சு?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஒங்கள யாரும் கேக்கலியா?"

யாரும் கேட்டதில்லை. மூன்றாம் வகுப்பில், பசி தாங்காமல்தான் உப்பளத்து வேலைக்கு ஓடினேன்.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த முகம் அந்த வயதில் ஒரே ஒரு நாள் என் முன்னால் குனிந்திருந்தால், நான் இன்னும் கொஞ்சம் படித்திருப்பேன்.