காந்தம் ஒட்டாத சைக்கிள்

கடைக்காரத் தம்பி சைக்கிளின் மேல்கம்பிக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்தார். சைக்கிள் எழுந்துவிட்டது. “நீங்களும் பாருங்க மேடம், ஒரு விரல் போதும்” என்றார். நான் இரண்டு கைகளையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கி, பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன். நான் பிழைத்த பிழைப்பு அப்படி. என் தோழி ஜெசிந்தா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

சைக்கிள் அவளுக்குத்தான். “பையனுக்கா மேடம்?” என்று தம்பி கேட்டபோது, “எனக்குத்தான் நைனா” என்றாள். ஐம்பதை நெருங்கும் இரண்டு பெண்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் மரியாதையாக அடுத்த சைக்கிளை எடுக்கப் போய்விட்டார்.

கடை முழுக்கப் புது டயர் வாசனை. எனக்கு டயர் வாசனை வந்தால் லாரி நினைவுக்கு வரும். லாரி வந்தால் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட் வராமல் இருக்குமா? எங்கள் இருவருக்கும் முதல் வேலை அங்கே ஓர் இரும்புக் கடையில்தான். நான் பில் போடுவேன், அவள் எடை மேடையைப் பார்த்துக்கொள்வாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எலுமிச்சை சாதத்திலும் துரு மணக்கும். காற்று மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து திரும்பினால் துரு வாசனையே தேவலை என்றாகிவிடும்.

அங்கே கனம்தான் காசு. கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் ஏதோ கோல்மால். மனிதர்களைக்கூட நாங்கள் அப்படித்தான் சொல்வோம், “வெயிட்டு பார்ட்டி” என்று. அப்புறம் காந்தம். மார்க்கெட்டில் எல்லோர் பையிலும் ஒரு காந்தத் துண்டு இருக்கும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் ஓரமாகப் போடு. ஜெசிந்தா ஒரு தடவை எவர்சில்வர் தம்ளர் வாங்கப் போன இடத்தில் காந்தத்தை எடுக்க, கடைக்காரர் உங்கள் வியாபாரமே வேண்டாம் என்று கும்பிடு போட்டார். என் காந்தம் இன்னும் கைப்பையில்தான் கிடக்கிறது. எதற்கு என்று என் மகள் கேட்டால் சாவி தொலையாமல் இருக்க என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜெசிந்தா ராயபுரத்துப் பெண். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை வேலை. தினம் ராயபுரத்திலிருந்து சாத்தாங்காட்டுக்கு அண்ணனின் சைக்கிளில் வருவாள். வழியில் எந்த லாரியையும் முன்னால் போக விடமாட்டாள் என்று டிரைவர்களே புகார் சொல்வார்கள். அந்த வருஷம் மாதா திருவிழாவை ஒட்டிப் பெண்களுக்குச் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் கிளம்பி, ராயபுரம் பாலம் ஏறி இறங்கி, மாதா கோயில் வாசலில் முடிக்க வேண்டும். அந்தப் பந்தயத்தை ஜெயிப்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது.

அந்த நேரம் பார்த்து, துறைமுகத்து ஏலச் சரக்கோடு இரண்டு வெளிநாட்டுச் சைக்கிள்கள் எங்கள் கடைக்கு வந்து இறங்கின. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று முதலாளி அவளிடம் சொல்லிவிட்டார். ஒன்று கறுப்பு, கட்டை கட்டையான குழாய்கள். இன்னொன்று சாம்பல் நிறம், பெயின்ட்கூட இல்லை. ஜெசிந்தா காந்தத்தை எடுத்தாள். கறுப்பில் டக்கென்று ஒட்டியது. சாம்பலில் வழுக்கி விழுந்தது. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, சட்டிப்பான கணக்கா கீது. ஏறிக் குந்துனா நசுங்கிடும்” என்றாள்.

நானும் பலமாகத் தலையாட்டினேன். அலுமினியத்தில் சோறு வடிக்கலாம், சவாரி செய்ய முடியுமா? கறுப்பு எங்கள் வசமாயிற்று. சாம்பலை எம்.கே.பி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் தன் மகளுக்காக வாங்கிப்போனார். அவருக்குச் சட்டிப்பானை மேல் நம்பிக்கை இருந்தது.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பாலத்தடி வரைக்கும் ஜெசிந்தாதான் முதலில் வந்தாள். ஏற்றத்தில் அந்தக் கறுப்புச் சைக்கிள் தன் கனத்தையெல்லாம் காட்டியது. அவள் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருக்க, பாத்திரக்கடைக்காரர் மகள் உட்கார்ந்தபடியே தாண்டிப் போனாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெசிந்தா அழவில்லை. அன்றிலிருந்து சைக்கிளைத் தொடவுமில்லை. கல்யாணம், பிள்ளைகள், சொந்தமாக ஒரு ஆணி போல்ட்டுக் கடை என்று காலம் ஓடிவிட்டது. போன மாதம் திடீரென்று வந்து நின்றாள். அதே பாலம் வழியாக மறுபடி பந்தயம் வைக்கிறார்களாம், நாற்பது தாண்டிய பெண்களுக்கும் உண்டாம்.

“அன்னிக்குத் தோத்தது நானா, அந்த இரும்பா? அது எனக்குத் தெரிஞ்சாவணும்டி” என்றாள்.

அதற்காகத்தான் இந்தக் கடைக்கு வந்தோம். கடைத்தம்பி பொறுமைசாலி. கார்பன் நாரில் செய்த சைக்கிள்தான் இருப்பதிலேயே லேசு, ரோட்டு அதிர்ச்சியையும் அது வாங்கிக்கொள்ளும், ஆனால் பலமாக அடிபட்டால் உள்ளே விரிசல் விட்டிருப்பது வெளியே தெரியாமல்கூடப் போகலாம் என்றார். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. இரும்பென்றால் வளைந்தாவது சொல்லிவிடும். ஸ்டீலிலும் மெல்லிய குழாயில் நல்ல சைக்கிள்கள் இருக்கின்றன, பள்ளம் மேட்டில் சுகமாகப் போகும், ஆனால் எடை கொஞ்சம் கூட என்றார். ஸ்டீல் என்றதுமே ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அலுமினியம் லேசு, விறைப்பு, மிதிக்கிற மிதி வீணாகாது. கை அதிராமல் இருக்க முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கு மட்டும் கார்பன். இதில் எடை குறையக் குறைய விலை ஏறுகிறது என்பதை மட்டும் சாத்தாங்காட்டில் போய்ச் சொன்னால் அடிப்பார்கள்.

அலுமினியத்தையே எடுத்தாள். தம்பி பில் போட உள்ளே போனதும் நான் கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து நீட்டினேன். குழாயில் வைத்தாள். வழுக்கி அவள் உள்ளங்கையிலேயே விழுந்தது.

“ஒட்டல. நல்ல சரக்குடி” என்றாள்.

மறுநாள் காலை திருவொற்றியூர்க் கடலோரத்துக்குப் போனோம். அந்தப் பந்தயம் கிளம்பச் சுண்ணாம்புக் கோடு போட்ட தெருவைக் காணோம். அந்த வீட்டு வரிசையையும் காணோம். கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. கொட்டி வைத்த கருங்கற்கள் மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து கிளம்புவது என்று நான் முழித்தேன்.

“நான் ஏறிக் குந்துற எடந்தான் ஸ்டார்ட்டு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போனாள். பாலத்தடியில் வேகம் குறைந்தது. ஏற்றத்தில் பாதி வரை உட்கார்ந்தே மிதித்தாள், பிறகு எழுந்து நின்று மிதித்தாள், ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. நான் கோயில் வாசலுக்குப் போனபோது ஹேண்டில்பாரின் மேல் கவிழ்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தோற்றது யார் என்று கேட்டேன்.

“பாதி இரும்பு. பாதி நாந்தான்டி.”

அந்தக் கறுப்புச் சைக்கிள் எந்த உலையில் உருகி, யார் வீட்டுத் தூணுக்குள் கம்பியாக நிற்கிறதோ. அதன் பாதியை இனி யாராலும் சரிசெய்ய முடியாது. இவள் பாதிக்கு, பந்தயம் வரைக்கும் நேரம் இருக்கிறது.