முதலில் மீட்டுங்க

என் மனைவி சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பெற்றோருடன் கூடலூர் பக்கம் தேவாலாவுக்கு வந்து சேர்ந்தவள். நான் கோயமுத்தூர்ப் பக்கம். குன்னூரில் ஒரு தேயிலை ஆபீசில் கிளார்க். தமிழை என் பெயருக்குத்தான் உயில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அந்த வயதில் ஒரு நினைப்பு.

கல்யாணமான புதிதில் அவள் ஏதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு, வீட்டுக்கு வந்த ஆபீஸ் நண்பர்களுக்கு டீ கொடுத்துவிட்டு, "பாடம் மீட்டணும்" என்று உள்ளே போனாள். படித்ததைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவருவதை சிலோன்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து மீட்டுவதற்கு இருந்தது வீணை ஒன்றுதான்.

"ஏம்மா, வீணை வாங்கித் தரட்டா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு முறை சிரிப்பு கிடைத்தால் நான் விடுவேனா? தினமும் ஆபீசிலிருந்து வந்ததும், "இன்னிக்கு என்ன ராகம்?"

ஒரு நாள் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில். பத்து நாள் கழித்து தேவாலாவிலிருந்து ஒரு வரிக் கடிதம்: "நீங்கள் பேசியதை எல்லாம் மீட்டிப் பார்க்கிறேன்." அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதில் சொல்ல என்ன வெட்கம்?

கூடலூரில் பஸ் மாறி, கொட்டும் மழையில் போய் இறங்கினேன். மாமனார் "வாங்க" என்றார். அவள் சொல்லவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

வழியெல்லாம் தயார் செய்த வசனத்தை எடுத்துவிட்டேன். "உன்னைய மீட்டுட்டுப் போலாம்னுதான்."

"ஏன், என்னை அடகு வச்சிருந்தீங்களா?" மாமனார் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "முதல்ல மீட்டுங்க. அப்புறம் மீட்கலாம்" என்றாள்.

நனைந்த சட்டையோடு நின்று, நான் செய்த கேலிகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். வீணை, ராகம், சுருதி. ஆபீஸ் நண்பர்கள் அத்தனை பேரையும் சிரிக்க வைத்த சரக்கு. அந்த வாசலில் எனக்கே சிரிப்பு வரவில்லை. முடிந்தது என்று நிமிர்ந்தேன்.

"ஒண்ணை விட்டுட்டீங்க."

அந்த ஞாயிறு, நண்பர்களை வழியனுப்பும்போது, கேட் பக்கம் நின்று தாழ்ந்த குரலில் ஒன்று சொல்லியிருந்தேன். அவள் காதில் விழுந்திருக்காது என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

"அகதிப் பேச்சு அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன்."

மாமனார் அங்கேயேதான் நின்றிருந்தார்.

"பரீட்சை பாஸ்" என்று அவள் துண்டை நீட்டினாள். மறுநாள் காலை நாங்கள் பஸ் ஏறும்வரை மாமனார் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.