சவுக்காரம் தின்ற தொடர்மாடி

குழாய் பாஸ் என்றால் குழாய் திருத்துகிறவன் என்று நினைப்பீர்கள்; பாதி நாள் அடுத்தவன் வாங்கவேண்டிய ஏச்சை வாங்குவதுதான் வேலை. நான் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரன். பதினெட்டு வருடமாக வெள்ளவத்தைக்கு பஸ் ஏறிப் போய், தொடர்மாடிகளில் தண்ணீர் வேலை செய்கிறேன். கேத்திலின் அடியைச் சுரண்டிக் கை நொந்தவர்களுக்கும், ஷவரின் ஓட்டைகளை ஊசியால் குத்தித் திறப்பவர்களுக்கும், தலைமயிர் கொட்டுகிறதென்று டொக்டரைப் பார்த்துவிட்டு வந்து அதே தண்ணீரில் முழுகுபவர்களுக்கும் என் அனுதாபங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கதை நடந்த கட்டடம் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. ஏழு மாடி. நகரக் குழாயில் வருவது நல்ல தண்ணீர்தான்; காலையில் எல்லாரும் ஒன்றாகக் குளித்தால் மேல்மாடிக்குப் பற்றாது, அவ்வளவுதான். நிர்வாகச் சபையின் செயலாளர், அரசாங்கக் கந்தோரில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் என்னைப் பம்ப் அறைக்குக் கூட்டிப்போய், மூடிக்கிடந்த குழாய்க் கிணற்றைக் காட்டினார். அதன் தண்ணீரையும் கட்டடத்து நீர்த் தாங்கியில் கலக்க ஒரு வால்வு போடச் சொன்னார். "கொஞ்சம்தான் பாஸ். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை." போட்டேன். வாயையும் மூடிக்கொண்டேன். அந்தக் கட்டடத்து வேலை முழுக்க அவர் கையில் இருந்தது. கொஞ்சமாகத் திறந்த வால்வு பிறகு முழுதாகத் திறந்தே கிடந்தது.

தேத்தண்ணியில் ஆடை

மூன்றாம் மாடி மாஸ்டர் கணிதம் படிப்பித்து ஓய்ந்தவர். சிங்க் அடைப்பெடுக்கப் போனபோது, அவருடைய குசினி மேசையில் நாலு சாதித் தேயிலைப் பக்கெற் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை ஊற்றிவைத்து, மேலே மினுங்கிக்கொண்டு படியும் ஆடையைக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலையை மாற்றிப் பார்த்தாராம், பாலை மாற்றினாராம், கோப்பையைக்கூட மாற்றினாராம். "மாஸ்டர், தண்ணியையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்றேன், வால்வு போட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவர் காதில் விழவில்லை.

"தம்பி, நல்ல தேயிலையெல்லாத்தையும் வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டு எங்களுக்குத் தூசியைத் தாறாங்கள். நான் பேப்பருக்கு எழுதத்தான் போறன்."

கண்ணூறு பட்ட ஹீட்டர்

ஆறாம் மாடி அக்காவின் ஹீட்டரில் ஒரே வருடத்தில் மூன்றாவது கொயில் எரிந்துபோனது. கழற்றி எடுத்தால் கம்பியே தெரியவில்லை; சுண்ணாம்பு பூசிய வாழைப்பூ மாதிரி வீங்கியிருந்தது. அக்காவுக்கு அதன் காரணம் முதலே தெரியும். புதுக் குளியலறையைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். எதிர்வீட்டுக்காரி மட்டும் ஒரு பதிலும் போடவில்லை. அன்றைக்கே கண்ணூறு விழுந்துவிட்டது. வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. எதிர்வீட்டிலும் போன கிழமைதான் கொயில் மாற்றினேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் மலர்ந்தது. எனக்குத் தேத்தண்ணியும் வந்தது, ஆடையோடு.

"அவையின்ரயும் பழுதாப் போச்சோ? அப்ப பரவாயில்லை பாஸ், ஆறுதலாச் செய்யுங்கோ."

சவுக்காரக் கள்ளி

இதுவரை சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஐந்தாம் மாடிக்குப் போகும்வரை.

அங்கே ஒரு மிஸிஸ், பிள்ளைகள் கனடாவில். வீட்டு வேலைக்கு ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ராசாத்தி, நாற்பது வயதிருக்கும். நான் சிங்குக்குக் கீழே படுத்திருக்க, மிஸிஸ் என் கால்களுக்குப் பக்கத்தில் நின்று ராசாத்தியை விசாரித்தார். உடுப்புத் தோய்க்கும் சவுக்காரம் ஏன் இப்படிப் பறக்கிறது என்பதுதான் வழக்கு. "நான் எடுக்கலைங்கம்மா. தேய்க்கத் தேய்க்க நொரையே வரமாட்டேங்குது" என்று ராசாத்தி சொன்னாள். உண்மை. சுண்ணாம்பு கலந்த அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நுரை வராது. கட்டி மட்டும் கரையும். மிஸிஸ் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். மாதக் கடைசியில் அவளை அனுப்பப்போவதாகவும், ஆள் பிடித்துத் தந்த தரகருக்கும் காரணத்தைச் சொல்லப்போவதாகவும் எனக்கே அறிவித்தார். கள்ளி என்ற பேரோடு போனால் கொழும்பில் ஒரு வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது.

"ரெண்டு கிழமைச் சவுக்காரம் நாலு நாளிலை முடியுதெண்டால், ஒண்டில் அவள் விக்கிறாள், இல்லாட்டித் தின்னுறாள்."

செயலாளரின் போத்தல்கள்

எனக்கு வெட்கமாக இருந்தது. வால்வைப் போட்டவன் நான். பேர் கெட்டது அவளுக்கு. நேரே செயலாளர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பெரிய நீலத் தண்ணீர்ப் போத்தல்கள் ஏழு வரிசையாக நின்றன. குடிக்க, சமைக்க, ஐயா முகம் கழுவ, எல்லாம் அதுதானாம். குழாய்த் தண்ணீர் அவருக்கு ஒத்துவராதாம். விசயத்தைச் சொல்லி, வால்வை மூடுவோம் என்றேன். இரக்கமாகத்தான் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார். வெளியே கதைத்தால் அடுத்த மாதத்திலிருந்து வேறு பாஸ் வருவார் என்பதையும் அதே இரக்கத்தோடு சொன்னார்.

"ஒரு வேலைக்காரிக்காக நான் இத்தனை வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லேலுமோ, பாஸ்?"

இரண்டு போத்தல்

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக் குழாயில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் அந்தோனியார் கோவில் தீர்த்தமென்று நினைத்துக் கொஞ்சம் கேட்டார். ஐந்தாம் மாடிக் குசினியில் இன்னொரு போத்தலில் அவர்களுடைய தண்ணீரை நிரப்பினேன். மிஸிஸிடம் கேட்டு வாங்கிய சவுக்காரத்தில் இரண்டு துண்டு சீவி, போத்தலுக்கு ஒன்றாகப் போட்டுக் குலுக்கினேன். என் போத்தலில் நுரை கழுத்துவரை ஏறியது. மற்றதில் பால் திரைந்த மாதிரிக் கட்டி கட்டியாக மிதந்தது, நுரை இல்லை. ராசாத்தி கதவடியில் நின்று இரண்டு போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வால்வைப் பற்றிச் சொன்னேன். போட்டது நான்தான் என்றும், இவ்வளவு நாளும் பயத்தில் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

மிஸிஸ் ஏசவில்லை. போனை எடுத்து மாஸ்டருக்கும், ஆறாம் மாடி அக்காவுக்கும், அவரின் எதிர்வீட்டுக்கும் அடித்தார். அடுத்த நாள் காலை பம்ப் அறையில் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் வால்வை மூடினேன். செயலாளரைப் பார்த்து மிஸிஸ்தான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் என்ர சவுக்காரத்தைத் திண்டது நீங்களோ?"

திறப்பு

ராசாத்தியை அனுப்பும் பேச்சு நின்றது. ஆனால் அலுமாரிப் பூட்டு இருந்தபடியே இருந்தது. நுரை வந்ததை மிஸிஸ் கண்ணால் பார்த்தார்தான். இருந்தாலும் சவுக்காரம் உண்மையிலேயே இரண்டு கிழமைக்கு வருகிறதா என்று நாளை எண்ணிப் பார்க்கவேண்டும் அல்லவா? வந்தது. பதினைந்தாம் நாளும் பாதிக் கட்டி மிஞ்சியிருந்தது.

அன்று ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்ற நான் அங்கே நின்றேன். மிஸிஸ் இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து நீட்டினார். "இந்தா, நீயே வைச்சிரு. மனசிலை ஒண்டும் வைச்சுக்கொள்ளாதை" என்றார். மன்னிப்புக்கு அவரிடம் அதைவிட நீளமான வசனம் இல்லை. ராசாத்தி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். கையை நீட்டவில்லை. குரலை உயர்த்தவுமில்லை.

"சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும்மா. நாளைக்கு வேற ஏதாச்சும் கொறைஞ்சா, அப்பயும் நான் எடுக்கலன்னு நீங்க நம்பணுமில்ல."

உண்மையைச் சொன்னதற்காக அந்தக் கட்டடத்தில் எனக்கு வேலை போய்விட்டதென்று கவலைப்படாதீர்கள், நல்ல தண்ணீர் வரத் தொடங்கியபின் அங்கே பழுதாவதற்கு ஒன்றுமில்லாமல் வேலை தானாகவே போய்விட்டது.