கழற்றி வாங்கிய கூலிங் கிளாஸ்

என் மனைவிக்கு வலது கண்ணில் சதை வளர்ந்திருந்தது. தக்காளித் தோட்டத்தில் இருபது வருடம் வெயிலிலும் புழுதியிலும் நின்றதுதான் காரணம் என்றார் தர்மபுரி டாக்டர். ஆபரேஷன் செய்து சதையை எடுத்துவிட்டு, "வெளிய போனா கூலிங் கிளாஸ் போடணும். இல்லைன்னா மறுபடி வளரும்" என்று சொல்லியனுப்பினார்.

அவள் போட்டுக்கொண்டாள். நல்லம்பள்ளி பஸ்ஸில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். டீக்கடையில் என்னிடம், "என்னங்க, வூட்ல நடிகையா ஆயிட்டாங்களா?" என்று கேட்டார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் கூசியது.

அந்தச் சித்திரையில் அவளுடைய அண்ணன் இறந்துபோனார். உச்சி வெயிலில், பந்தல்கூடப் போடாத வாசலில் கிடத்தியிருந்தார்கள். அவள் கண்ணாடியோடு தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"கூடப் பொறந்தவன் செத்துக் கெடக்கறான், இவளுக்குக் கூலிங் கிளாஸ் கேக்குது" என்றாள் அவளுடைய பெரியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் போய், "கழட்டு, மானம் போவுது" என்றேன்.

"கண்ணு எரியுதுங்க" என்றாள்.

நானே கை நீட்டிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கண்ணாடி ஈரமாக இருந்தது.

மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது, "வேண்டாங்க" என்றாள். அப்புறம் எவ்வளவு கெஞ்சியும் அவள் அதைத் தொடவில்லை. சதை திரும்ப வளர்ந்து கருமணியை மூடியது. இரண்டாவது ஆபரேஷனில் தழும்பு விழுந்துவிட்டது. இப்போது அந்தக் கண்ணில் நிழலாட்டம் மட்டும்தான் தெரிகிறது. யார் விசாரித்தாலும், "வெயிலுங்க" என்கிறாள். என்னைச் சொல்வதில்லை.