ஒழுகுகிறது என்று எழுதிய இடம்

1957 ஜூலை 10, புதன்கிழமை. இலங்கை மலையகத்தில், டயகமவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். காலை ஆறரைக்கு ஆபீஸைத் திறந்தேன். காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்கு வந்தவர்களின் பெயர்களைப் பதிந்தேன். ஏழே முக்காலுக்குத் தபால் பையைப் பிரித்தேன். மூன்றாவது வாரமாக விடாத மழை. எதைத் தொட்டாலும் ஈரம்.

தினமும் ஓர் ஆங்கில மரபுத்தொடரை நோட்டில் எழுதி, அதை வைத்துச் சரியாக ஒரு வாக்கியம் அமைப்பது அப்போது என் வழக்கம். தோட்டத்தில் அவற்றை எடுத்துக்காட்ட ஒரே இடம், தொழிலாளர்களுக்காகத் தோட்ட நிர்வாகியான துரைக்கு நான் எழுதும் மனுக்கள்.

திங்கட்கிழமை, கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாளுக்கு அப்படியொரு மனு எழுதினேன். தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவின் கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகியது. உள்ளே மகளும், பிறந்து பதினெட்டு நாளான பேரப்பிள்ளையும். ஒரு பக்கத்தில் ஏழு மரபுத்தொடர்கள். ஒன்றுகூடப் பிழையில்லை.

புதன் பகல் அதைப் படித்த துரை, தன் உதவி நிர்வாகியான சின்னத்துரையைவிட நான் நன்றாக எழுதுவதாகச் சொல்லிச் சிரித்தார். தாளைக் கோப்பில் போட்டார். மாலைவரை எனக்கு அந்தப் பாராட்டுப் போதுமாக இருந்தது.

ஐந்து மணிக்கு அந்த அம்மாள் நனைந்த கம்பளியோடு வந்து நின்றார்.

"தொரை படிச்சாங்களா ஐயா?"

"படிச்சாரு. நல்லா எழுதியிருக்குன்னாரு."

"தகரம்?"

மனு இருந்த கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"வீட்டுல இருக்க சட்டியெல்லாம் ஒழுகுற எடத்துல வச்சாச்சுங்க. சமைக்கத்தான் சட்டி இல்ல. புள்ளைக்கு நேத்துலேருந்து நெஞ்சு இரைக்குது." கோப்பைப் பார்த்தார். "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. ஒழுகுதுன்னு எந்த எடத்துல எழுதியிருக்கீங்க? அதை மட்டும் காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்."

தாளை எடுத்து முதல் வரியில் விரலை வைத்தேன். விரல் கடைசி வரிவரை போய் நின்றது. துன்பம் இருந்தது, கருணை இருந்தது, துரையின் பெருந்தன்மை இருந்தது. ஒழுகும் கூரை இல்லை. பிள்ளையும் இல்லை. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேற எழுதுறேன்" என்றேன்.

"சரிங்க ஐயா" என்று மழையில் இறங்கிப் போனார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு களைப்பாக இருந்திருக்காது.

சனிக்கிழமை புதுத் தகரம் ஏறியது, பிள்ளையும் தேறியது. ஆனாலும் இன்றுவரை, யாருக்கு எதை எழுதினாலும், கேட்டது எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்காமல் தாளை மடிப்பதில்லை.

அந்த அம்மாள் வந்துபோன மறுநாள், வியாழன் காலை, பெரட்டுக்கும் முன்பாக ஆபீஸைத் திறந்து, லய எண், காம்பரா எண், ஒழுகும் கூரை, அன்றோடு இருபத்தொரு நாளான குழந்தையின் வயது என்று நான்கே வரி எழுதி, துரையின் மேசை நடுவில் வைத்தேன்.